கடலில்லா ஊரில் ஒரு கழிமுகம்

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர் சேற்றுத்தாவி மீன் வளர்க்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். கடல் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, உப்புத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? அது எளிய கேள்வி. ஒரு பொட்டலம் உப்பில் தீர்ந்துவிடும். திருவண்ணாமலையில் இந்த மீனை வளர்ப்பவருக்கு உண்மையான தலைவலி காற்று.

கடைக்காரர்கள் மட்ஸ்கிப்பர் என்று சொல்லும் இந்த மீன் உளுவை இனத்தைச் சேர்ந்தது. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு வெளியேதான் கழிக்கும். மார்புத் துடுப்புகளை ஊன்றி ஊன்றிச் சேற்றில் நகரும், வாலை வளைத்து உதைத்துத் தாவும். அகன்ற செவுள் அறையில் கொஞ்சம் நீரை அடக்கி வைத்துக்கொள்ளும். அதோடு தோல் வழியாகவும் வாயின் உட்சவ்வு வழியாகவும் காற்றிலிருந்து நேரடியாக மூச்சு வாங்கும். தோல் ஈரமாக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். ஈரம் போனால் மூச்சும் போகும். அதனால்தான் அடிக்கடி ஈரச் சேற்றில் உருளுகிறது. தலையுச்சியில் புடைத்திருக்கும் கண்களையும் கீழேயுள்ள குழிக்குள் இழுத்து இழுத்து நனைத்துக்கொள்கிறது.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். இந்த ஊரின் செங்கம் சாலையில் மே மாதப் பிற்பகலில் வீசும் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கணக்கில்தான் போகும்: தொட்டியில் நீங்கள் பராமரிக்க வேண்டியவை இரண்டு, கீழே தண்ணீர், மேலே காற்று. மற்ற மீன்களுக்கு முதலாவது போதும். இதற்கு இரண்டாவதுதான் முதலாவது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள ரமண நகரில் குடியிருப்பவர்களில் ஒரு பகுதியினர் டிசம்பரில் வந்து, வெயில் ஏறும்போது கிளம்பிவிடுகிறவர்கள். அவர்களுக்கு இந்த அத்தியாயம் உதவாது. இந்த மீன் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும், அதற்குப் பருவகாலக் குடித்தனம் ஒத்துவராது. ஆசிரமத்துக்குள் பசு லட்சுமிக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி இருக்கிற பகுதி இது. உயிருள்ள ஒன்றைக் கண்ணாடிக்குள் அடைப்பதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சொல்வதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மீன்

நம் கழிமுகங்களில் இருப்பவை எல்லாம் ஒரே மீன் இல்லை. பிச்சாவரத்தில் படகில் போகும்போது திறந்த சேற்றுப் பரப்பில் நீலப் புள்ளிகளோடு பெரிதாகத் தெரிவது போலியோப்தால்மஸ் வகை. பார்க்க மிக அழகு. தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். அது சேற்றின் மேல்தோலில் படரும் நுண்பாசியைத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிச் சுரண்டித் தின்பது. வெயில் விழுந்து பாசி விளைந்துகொண்டே இருக்கும் சேற்றுப் பரப்பை வீட்டுக் கூடத்தில் உண்டாக்க முடியாது. மீன் பட்டினியில் மெலியும்.

தொட்டிக்கு ஏற்றது பெரியோப்தால்மஸ் வகை. இவை ஊன் உண்பவை. புழு, பூச்சி, சிறு நண்டு, இறால் துண்டு எதையும் எடுக்கும். அதிலும் பெரியோப்தால்மஸ் நோவெம்ரேடியேட்டஸ் என்ற சிறிய வகை நம் கடலோரத்துக்கே உரியது. 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் விவரித்தது. விரல் நீளத்தைத் தாண்டாது. மூன்றடித் தொட்டிக்கு இதுதான் அளவு. ஆப்பிரிக்க மேற்குக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வரும் பெரியோப்தால்மஸ் பார்பரஸ் ஒரு சாணுக்கு அருகில் வளரக்கூடியது, முரடு. அது கிடைத்தால் ஒன்றை மட்டும் தனியாக வளர்க்கலாம்.

எத்தனை மீன் என்பதில் பேராசை கூடாது. இவை எல்லைக்குச் சண்டை போடும் மீன்கள். முதுகுத் துடுப்பைக் கொடிபோல் விரித்து எதிராளியை மிரட்டுவதைப் பார்ப்பதுதான் இவற்றை வளர்ப்பதன் பாதி இன்பம். ஆனால் காட்டில் தோற்றவன் ஓடிவிடுவான், தொட்டியில் ஓட இடமில்லை. இரண்டு மீன் விட்டால் வலியது மெலியதை நாள் முழுக்கத் துரத்தும். துரத்தல் பங்கு பிரியும்படி, மூன்றடித் தொட்டியில் சிறிய வகை என்றால் மூன்று, அதிகம் போனால் நான்கு. நான்குக்கும் தனித்தனி மறைவிடம் இருக்க வேண்டும், ஒன்றின் மறைவிடத்திலிருந்து மற்றொன்று தெரியக்கூடாது.

எங்கே வாங்குவது? திருவண்ணாமலைக் கடைகளில் தங்கமீனும் கப்பியும் ஏஞ்சலும்தான் இருக்கும். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் சொல்லி வைத்தால் எப்போதாவது வரும். நேரே போய்ப் பிடித்து வரலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிச்சாவரம் காப்புக்காடு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நமக்குப் பக்கமான மரக்காணம் கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி அங்கே ஒரு நண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. பார்ப்பதற்குப் போங்கள், கட்டாயம் போங்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் படகுத்துறைக்குச் சென்று, நீர் வற்றும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு படகேறுங்கள். ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வற்றும்போது வேர்களுக்கிடையில் கரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மீன் எங்கே உட்காருகிறது, பயந்தால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். தொட்டியின் வரைபடம் அங்கேதான் இருக்கிறது.

தொட்டியும் மூடியும்

உயரமான தொட்டி வீண். நீளமும் அகலமும்தான் இந்த மீனுக்குப் பயன்படும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று சொல்லிச் செய்யுங்கள். தண்ணீர் நிற்பது அரையடிக்கும் குறைவாகத்தான். மீதி ஓரடிக்கு மேல் இருப்பது காற்றறை. பாதித் தொட்டி காலியாக இருக்கிறதே என்று பார்க்க வருபவர்கள் சொல்வார்கள். அது காலியிடம் அல்ல என்று இந்நேரம் உங்களுக்குத் தெரியும்.

மூடி கண்ணாடியில் இருக்கட்டும், இரண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று நகரும்படி. வலைமூடி, மரச்சட்டத்தில் கம்பிவலை போன்றவை இந்த ஊருக்கு ஆகாது. மேலே மின்விசிறி சுழன்றால் ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். மேலும் இந்த மீன் கண்ணாடியில் ஏறும். அடித்துடுப்புகள் உறிஞ்சி போல் ஒட்டிக்கொள்வதால் செங்குத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் இருக்கும். காற்றுக்குழாய் நுழைவதற்காக மூலையில் விடும் ஓட்டை வழியாகவும் தலையை நுழைக்கும். அந்த ஓட்டையைப் பஞ்சு வைத்து அடையுங்கள். மறுநாள் காலை சோபாவுக்கு அடியில் காய்ந்த மீனைத் தேடும் நிலை வராமல் இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

முழுக்க மூடிவிட்டால் உள்ளே காற்று கெட்டுப்போகாதா? போகாது, காற்றுப் பம்ப் ஓடும்வரை. பம்ப் வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அது குமிழாக மேலே வரும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்றுக்கொண்டு காற்றறைக்குள் கலக்கிறது. பழைய காற்று மூடியின் இடுக்கு வழியாக வெளியேறுகிறது. இதனால் உவர்நீர்த் தொட்டிக்கு மோட்டார் வடிகட்டியைவிடப் பஞ்சு வடிகட்டியையே நான் பரிந்துரைப்பேன். தண்ணீரையும் சுத்தம் செய்யும், காற்றையும் நனைக்கும், ஆழமில்லாத நீரிலும் ஓடும். கண்ணாடியின் உட்புறம் காலையில் ஆவி படிந்து மங்கியிருந்தால் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அழகாகத் தெரியவில்லையே என்று மூடியைத் திறந்து வைக்காதீர்கள். முன்பக்கத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய ஈரப்பத மானியை உள்ளே ஒட்டி வைப்பது நல்லது. 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மூடியில் எங்கோ இடைவெளி இருக்கிறது.

இரும்பு ஸ்டாண்டு உப்பில் துருப்பிடிக்கும். நல்ல பெயின்ட் இரண்டு பூச்சு, அல்லது சிமென்ட் மேடை. வாடகை வீடென்றால் கீழே ஒரு தகடோ அகலமான தட்டோ வையுங்கள். உப்பு சொட்டிய இடத்தில் தரை வெளுத்துவிடும், முன்பணம் திரும்ப வரும்போது அது பேச்சாகும்.

கரை

தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக் கரை எழுப்ப வேண்டும். குறுக்கே 12 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பட்டையை சிலிகான் வைத்து ஒட்டி, அதன் பின்னால் மணலைக் கொட்டிவிடுவது வழக்கமான முறை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தனை ஆழத்துக்கு மணல் அசையாமல் கிடந்தால் அடியில் காற்றில்லாமல் அழுகும். குத்தினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அந்த வாயு மீனுக்கு நஞ்சு. அதற்குப் பதில், துளை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் நைலான் வலை விரித்து, வலைமேல் நான்கு ஐந்து சென்டிமீட்டர் மணல் போடுங்கள். அடியில் தண்ணீர் ஓடும், மேலே மணல் எப்போதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கரையின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு மூன்று விரல் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். உயரம் கூடினால் மணல் காயும்.

மணல் என்றதும் கட்டட வேலைக்கு வரும் எம் சாண்ட் நினைவுக்கு வரும். தெருவுக்குத் தெரு குவித்து வைத்திருக்கிறார்கள். அது உடைத்த கல், விளிம்பு கூர்மையானது. வயிற்றைத் தேய்த்து நகரும் மீனுக்குத் தோலைக் கீறிவிடும். நீச்சல்குள வடிகட்டிக்குப் போடும் மெல்லிய மணலை வாங்குங்கள். அதோடு உடைத்த கிளிஞ்சலைக் கலந்துகொண்டால் நீரின் காரத்தன்மை இறங்காமல் நிற்கும்.

தண்ணீரிலிருந்து கரைக்கு ஏறச் சாய்வான வழி வேண்டும். தட்டையான கற்கள், ஓட்டுத் துண்டுகள் போதும். கல் தேடி மலையடிவாரத்துக்குப் போகாதீர்கள். அண்ணாமலையையே லிங்கமாகக் கும்பிடுகிற ஊரில் அங்கிருந்து கல்லெடுத்து வருவதை யாரும் ரசிக்க மாட்டார்கள். பாறை உடைக்கும் இடங்களில் எவ்வளவோ கிடைக்கிறது, முனை மழுங்கியதாகப் பொறுக்கிக்கொள்ளலாம். மறைவிடத்துக்குப் பிவிசி குழாயை அரையடி நீளத்தில் வெட்டி, ஒரு முனை நீரிலும் மறுமுனை கரையிலும் இருக்கும்படி மணலில் புதையுங்கள். வளையென்று மீன் ஒப்புக்கொள்ளும்.

அலையாத்தி மரக்கிளையை நட்டால் அசலாக இருக்கும் என்று தோன்றும். அதில் ஓர் ஆபத்து உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் பிச்சாவரத்து மரங்களில் ஒன்று. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். எந்த மரம் என்று தெரியாத கிளையைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள். சுரபுன்னை நாற்று முறையாகக் கிடைத்தால் கரையோரத்தில் நடலாம், மெல்ல வளரும், இலை விரிய நல்ல வெளிச்சம் கேட்கும். கிடைக்காவிட்டால் கல்லும் குழாயும் போதும். மீனுக்கு அலங்காரத்தில் அக்கறையில்லை.

தண்ணீரும் உப்பும்

மாநகராட்சிக் குழாயில் வருவது சாத்தனூர் அணைத் தண்ணீர். 1958இல் திறக்கப்பட்ட அந்த அணையைத் தாண்டும் தென்பெண்ணைதான் கடலூரருகே கடலில் கலக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது நள்ளிரவில் அந்த அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டது பலருக்கும் நினைவிருக்கும். அப்படி வெள்ளம் இறங்கும் நாட்களில் கழிமுகத்தின் உப்பு சட்டென்று கரைந்துபோகும், கோடையில் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே வாழ்ந்து பழகிய மீன் இது. ஆகவே உப்பளவு சற்று முன்பின் போனால் பதறவேண்டியதில்லை.

ஆழ்துளைக் கிணறு இருக்கும் வீடுகளில் இன்னொரு பேச்சு கேட்கும்: எங்கள் போர் தண்ணியே உப்புதான், அப்படியே ஊற்றிவிடலாமே? முடியாது. இந்தப் பகுதியின் பாறைக்கடியில் வரும் நீர் கடினமானது, சுண்ணாம்புச் சத்து நிறைந்தது, வாளியில் வெள்ளை படியும். வீட்டு ஆர்.ஓ.காரர் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மானியில் அது ஆயிரத்தைத் தாண்டினாலே மோசம் என்பார். நமக்கு வேண்டிய உவர்நீர் அதே மானியில் பத்தாயிரத்துக்கு மேல். ஆனாலும் போர் தண்ணீரின் கடினம் இங்கே ஒரு வரம். இந்த மீனுக்கு பிஎச் 7.5 முதல் 8.5 வரை வேண்டும், கடின நீர் அதைத் தானே பிடித்து வைக்கும். ஆக, அடிப்படை நீர் போரிலிருந்து வரட்டும். மாநகராட்சி நீரென்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் காற்றோட்டத்தோடு வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

உப்பு எது? மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறது. பலர் அதைப் போட்டுவிட்டு நாளடைவில் மீன் ஏன் சோர்கிறது என்று கேட்கிறார்கள். உப்பளத்தில் உப்பு படிந்ததும் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். கடல்நீரின் மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அந்த நீரோடு போய்விடும். கையில் எஞ்சுவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் அளவு குறைவு. நம் தொட்டியில் கரை போக நிற்கும் தண்ணீர் சுமார் 40 லிட்டர். லிட்டருக்கு 13 கிராம் கணக்கில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதைத் தனி வாளியில் கரைத்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் ஓடவிட்டுப் பிறகு தொட்டிக்குள் ஊற்றுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் நேரே உப்பைக் கொட்டக் கூடாது.

அளக்க ஹைட்ரோமீட்டர் போதும், ஒளிவிலகல் மானி இருந்தால் இன்னும் சரியாகத் தெரியும். ஒப்படர்த்தி 1.008இலிருந்து 1.010 வரை வைத்துக்கொள்ளுங்கள். மிதவை ஹைட்ரோமீட்டர் சூடான நீரில் குறைத்துக் காட்டும் என்பதை ஏப்ரல், மே மாதங்களில் மறக்காதீர்கள். குறைகிறதென்று உப்பைச் சேர்த்துக்கொண்டே போய்விடுவீர்கள்.

இந்த ஊரில் அதிகம் பேர் தடுமாறும் இடம் ஒன்று. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். நீர்மட்டம் குறைந்தால் நல்ல தண்ணீரை, அதிலும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். உப்புக் கலந்த நீர் வாராவாரம் ஐந்தில் ஒரு பங்கை மாற்றும்போது மட்டும். போர் தண்ணீரையே தினமும் நிரப்பிக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியின் வெளிப்புறம் மார்க்கரில் ஒரு கோடு கிழித்து வையுங்கள். வேலைக்காரப் பெண் முதல் வீட்டுக்கு வரும் விருந்தாளி வரை யாரும் அந்தக் கோடுவரை ஊற்றலாம்.

முதல் மாதம் மீனில்லாத மாதம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சிட்டிகை இறால் தூள் போட்டு அழுகவிட்டு, சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன். சேற்றுத்தாவிகள் அம்மோனியாவை வியக்கத்தக்க அளவு தாங்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அவசரப்படுகிறவர்கள் உண்டு. தாங்குகிறது என்பதற்காகத் தாங்க வைக்க வேண்டியதில்லை.

கொண்டுவருதல்

நீர் நிரம்பிய பிளாஸ்டிக் பையில் இந்த மீனைக் கட்டி அனுப்புவது தவறு. மூடிய பைக்குள் ஆழமான நீரில் ஏறி உட்கார இடமில்லாமல் களைத்துவிடும். மீனுக்கு ஒன்றாகச் சிறு டப்பா, அடியில் உவர்நீரில் நனைத்த பஞ்சு, மூடியில் நுண்துளை, எல்லாவற்றையும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து இரவுப் பேருந்தில் கொண்டு வாருங்கள். பகல் பயணம் குளிர்ந்த மாதங்களில் மட்டும்.

ஒரு முன்யோசனை: பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். கார்த்திகை தீபத்தின்போது ஊருக்குள்ளேயே விடமாட்டார்கள். கூட்டத்தில் பேருந்து நிலையத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரமண நகர்வரை நடப்பது உங்களுக்கும் கஷ்டம், மீனுக்கும் கஷ்டம். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாள் சொல்லுங்கள்.

வந்தவுடன் டப்பாவோடு கரைமேல் வைத்து மூடியைத் திறந்துவிடுங்கள். தானே இறங்கும். முதல் நாள் குழாய்க்குள் ஒளிந்திருக்கும், தீனி எடுக்காது. ஒரு வாரத்தில் ஆளை அடையாளம் கண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கும்.

தீனி

கரையில் போடுங்கள், தண்ணீரில் போடாதீர்கள். மீன் எப்படிச் சாப்பிடுகிறது என்று கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும்: இரையைக் கவ்வியதும் தண்ணீர் ஓரத்துக்கு விரையும். நிலத்தில் நாக்கில்லாமல் இரையை விழுங்குவது கடினம். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, இந்த மீன் வாயில் அடக்கி வைத்திருக்கும் நீரை இரைமேல் தள்ளித் திரும்ப உறிஞ்சி, அந்த நீரையே நாக்காகப் பயன்படுத்துகிறது என்று 2015இல் வெளியிட்டார்கள். வாய்நீர் செலவாகிவிட்டால் திரும்ப நிரப்பிக்கொள்ள வேண்டும், அதனால்தான் ஓட்டம். ஆகவே தீனி போடும் இடமும் நீரோரமும் பக்கத்தில் இருக்கட்டும்.

உறையவைத்த ரத்தப்புழு, நறுக்கிய மண்புழு, தோலுரித்த இறால் துண்டு, வீட்டில் பிடித்த சிறு பூச்சி என மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஆட்டிறைச்சி, கோழி வேண்டாம், கொழுப்பு செரிக்காது. ஒரு நாளைக்கு ஒருமுறை, வயிறு லேசாக உருண்டு தெரியும் அளவுக்கு. கேட்கிறதே என்று கொடுத்தால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். ஊதிப்போன வயிறு இந்த மீனின் பொதுவான நோய்.

ஆசிரமத்தைச் சுற்றிலும் சைவக் குடித்தனம் மட்டும் என்று நிபந்தனை போட்டு வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. ஃப்ரீசரில் ரத்தப்புழுப் பொட்டலம் இருப்பதை வீட்டுக்காரம்மா எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று இந்த நூல் சொல்ல முடியாது. குடிபோகும் முன் கேட்டுவிடுவது உத்தமம். இறாலைச் சமையல் பாத்திரத்துக்குக் கிட்டவே கொண்டு போகாமல் தனி டப்பா, தனிக் கத்தி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாதானமாகப் போய்விடும்.

வெயில், குளிர், புகை

நீரும் காற்றும் 25இலிருந்து 30 டிகிரிக்குள் இருக்கட்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பது முக்கியம். மார்கழி, தை இரவுகளில் இருபதுக்குக் கீழே போகும்போது நீர் வெதுவெதுப்பாகவும் காற்று சில்லென்றும் இருந்தால், குளிர்ந்த காற்றில் மூச்சு வாங்கும் மீன் நோயில் விழும். சிறிய ஹீட்டர் ஒன்று, கட்டாயம் பிளாஸ்டிக் கூண்டோடு. கூண்டில்லாத ஹீட்டரில் ஏறி ஒட்டிக்கொண்டு வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். நீர் ஆழம் குறைவு என்பதால் படுக்கை வசமாக வையுங்கள், ஒருபோதும் வெளியே தெரியக்கூடாது.

கோடைதான் பெரிய சோதனை. மூடிய கண்ணாடிப் பெட்டி என்பதால் அறையின் சூட்டைவிட உள்ளே கூடுதலாக ஏறும். மேற்குச் சுவரோரம், மொட்டைமாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை மூன்றும் விலக்கு. தரைத்தளத்து வடக்கறையில் வையுங்கள். சூட்டைக் குறைக்க மூடியைத் திறந்து விசிறி வைப்பது சாதாரணத் தொட்டிக்குச் சொல்லும் வைத்தியம். இங்கே செய்தால் நீர் குளிரும், காற்று காயும். பதிலுக்குத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை உறையவைத்து நீரில் மிதக்கவிடுங்கள், விளக்கை அணைத்துவையுங்கள், மூடியின் மேல் ஈரத் துண்டைப் போடுங்கள்.

மின்சாரம் சில மணி நேரம் போனால் இந்த மீன் மூச்சுத் திணறாது. பம்ப் நின்றாலும் காற்றறையில் இருக்கும் காற்று அதுவரை போதும். பஞ்சிலுள்ள நுண்ணுயிர்கள்தான் சில மணி நேரத்தில் மடியத் தொடங்கும். பேட்டரிப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

புகைக்கு வருகிறேன். தோலாலும் வாயாலும் மூச்சுவிடும் மீனுக்கு அறைக்காற்றில் கலப்பதெல்லாம் நேரே உடம்புக்குள் போகும். பம்ப் அதை உறிஞ்சிக் கொண்டுவந்து மூடிய பெட்டிக்குள் கொட்டும். சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவத்தி, திரவக் கொசுவிரட்டி, கரப்பான் மருந்து, ஃபினாயில். இந்த ஊரில் இவையில்லாத வீடு குறைவு. பூஜையறைக்குப் பக்கத்தில் தொட்டி வைக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் பம்பை மட்டுமாவது நீளக் குழாய் போட்டுச் சன்னலோரம் வையுங்கள். சன்னலில் கம்பிவலை இருக்கட்டும். இந்தத் தெருக்களின் குரங்குகளுக்குக் கறுப்புக் குழாய் எதுவும் தின்பண்டமாகத் தெரியும். கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

தொட்டியில் குஞ்சு பொரிக்க வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: எதிர்பார்க்க வேண்டாம். இயற்கையில் ஆண் மீன் ஆழமான சேற்றில் வளை தோண்டி, வளையின் மேல்நோக்கி வளைந்த அறையில் வாய்வாயாகக் காற்றைக் கொண்டுபோய் அடைத்து, அதன் கூரையில் ஒட்டியிருக்கும் முட்டைகளை அந்தக் காற்றில் காக்கிறது. பொரிக்கும் வேளை வந்ததும் காற்றை வெளியேற்றி அறையை நீரால் நிரப்புகிறது. நாலு விரல் மணலில் இது நடக்காது.

ஊரைவிட்டுப் போக நேர்ந்தால், அல்லது வளர்க்க முடியாமல் போனால், மீனை சமுத்திரம் ஏரியில் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பெயரில்தான் சமுத்திரம், தண்ணீர் நல்ல தண்ணீர். மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றும் ஏரி அது, உவர்நீர் மீன் அங்கே தேறாது. கடலோரத்துக்கு எடுத்துப் போய் விடுவதும் சரியில்லை. கடைத்தொட்டிகளில் பல ஊர் மீன்களோடு கிடந்து வந்தது, என்ன நோயைச் சுமந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பார்பரஸ் என்றால் அது இந்தக் கடலுக்கே அந்நியம். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று முதல் நாளே பேசி வையுங்கள். இல்லையென்றால் உவர்நீர்த் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம், மூடியோடும் உப்பு மிச்சத்தோடும் தொட்டியை அப்படியே கொடுத்துவிடுங்கள்.